எல்லைக் கல்லும் அரமேய மொழியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் — வேதியியல்)

முன்னுரை

வாளால் பரவிய மொழிகள் சில. வாணிகத்தால் பரவிய மொழிகள் சில. சமயத்தால் பரவிய மொழிகள் சில. தன்னைப் பேசிய மக்கள் நாடிழந்து சிதறிய பின்னரும், அவர்களை வென்றவர்களின் அலுவலகங்களிலேயே அமர்ந்து ஆட்சி செலுத்திய மொழி ஒன்றும் வரலாற்றில் உண்டு. அதுவே அரமேயம். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'சீரிய பாஷை' என்று குறிக்கப்படுவதும் இதுவே. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு வரலாறுடைய இம்மொழி இன்றும் சில ஊர்களில் தாய்மொழியாக வழங்குகிறது.

அறிவியல் மாணவருக்கு அரமேயத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் நாம். எல்லைப்புறத்தில் ஒரு மொழி எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு மாறுகிறது, யாருக்கு உதவுகிறது என்பதை அறிய அரமேயத்தைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அதனைச் சுருக்கமாக அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் பரவலும்

இன்றைய சிரியா நாட்டுப் பகுதியில் ஆராமியர் என்னும் மக்கள் சிறுசிறு அரசுகளை அமைத்து வாழ்ந்தனர். அவற்றுள் புகழ்பெற்றது தமஸ்கு. கி.மு. 732-இல் அசீரியப் பேரரசு தமஸ்குவைக் கைப்பற்றியது. ஆராமியரின் அரசுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. வென்ற அசீரியர் தோற்ற மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்துப் பேரரசின் பல மூலைகளிலும் குடியமர்த்தினர். மக்கள் சென்ற இடமெல்லாம் அவர்தம் மொழியும் சென்றது. ஆராமியரை ஒடுக்க எடுத்த நடவடிக்கையே அவர்களுடைய மொழியைப் பரப்பியது என்பது வியப்பன்றோ?

மற்றொரு காரணமும் உண்டு. அசீரியரும் பாபிலோனியரும் களிமண் பலகையில் ஆப்பு வடிவ எழுத்துகளைப் பதித்தனர். அவ்வெழுத்துகள் பல நூறு. அவற்றைக் கற்றுத் தேறப் பல்லாண்டுகள் வேண்டும். அரமேயத்திற்கோ 22 எழுத்துகளே. தோலிலும் நாணற்புல் தாளிலும் மை தொட்டு விரைந்து எழுதலாம். சுருட்டிக் கையோடு எடுத்துச் செல்லலாம். கணக்கெழுதவும் கடிதம் வரையவும் எளிதாயிருந்தமையால் ஆட்சியாளர் தாமாகவே அதனை நாடினர்.

பின்வந்த பாரசீகப் பேரரசு எகிப்து முதல் சிந்து ஆறு வரை பரந்திருந்தது. பாரசீக மன்னர் தம் தாய்மொழியைத் திணிக்காமல் அரமேயத்தையே அலுவல் மொழியாக வைத்துக்கொண்டனர். எகிப்தில் நைல் ஆற்றின் எலிபண்டைன் தீவில் கிடைத்த தாள்கள் இதற்குச் சான்று. அங்கிருந்த யூதப் படைவீரரின் கோயில் கி.மு. 410-இல் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் கட்ட உதவுமாறு வேண்டி, யூதேயாவின் ஆளுநருக்குக் கி.மு. 407-இல் அவர்கள் விண்ணப்பம் எழுதினர். எழுதியவர் யூதர், எழுதிய இடம் எகிப்து, ஆட்சி பாரசீகருடையது, மொழியோ அரமேயம்! இந்த நால்வகைக் கலப்பை ஓசூர்வாசிகள் எளிதில் விளங்கிக்கொள்வர்.

விவிலியத்தில் அரமேயம்

விவிலியத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியில் அமைந்தது. அதனுள் ஏறத்தாழ 268 வசனங்கள் மட்டும் அரமேயத்தில் உள்ளன. இப்பகுதிகளின் மொழியையே அறிஞர் 'விவிலிய அரமேயம்' என்பர். தானியேல் நூலில் இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனத்தின் இடையிலிருந்து ஏழாம் அதிகாரத்தின் இறுதி வரையிலும், எஸ்றா நூலில் இரண்டு பகுதிகளிலும், எரேமியா நூலில் ஒரே ஒரு வசனத்திலும் இது காணப்படுகிறது.

தானியேல் நூலில் மொழி மாறும் இடம் கருதத்தக்கது. எபிரேயத்தில் தொடங்கிய கதை, பாபிலோனிய அரசவையின் அறிஞர் மன்னனை நோக்கி வாய் திறந்தவுடன் அரமேயத்திற்குத் தாவுகிறது. 1947 முதல் சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் கிடைத்த பழஞ்சுவடிகளிலும் இம்மொழி மாற்றம் அவ்வாறே காணப்படுகிறது. எஸ்றா நூலிலோ பாரசீக அரசுக்கு எழுதிய கடிதங்களும் அரசு விடுத்த ஆணைகளும் அரமேயத்தில் உள்ளன. அலுவலகக் கோப்பை அதன் மொழியிலேயே படியெடுத்து வைத்தது போன்ற அமைப்பு இது.

அலுவல் மொழி என்பதால் பிறமொழிச் சொற்களும் தாராளமாகப் புகுந்தன. 'இரகசியம்' என்னும் பொருளில் தானியேல் நூலில் வரும் 'ராஸ்' என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. கிருஷ்ணகிரியில் உருது பேசும் நண்பர்கள் இன்றும் இரகசியத்தை 'ராஸ்' என்றே கூறுவர். அந்நூலில் சில இசைக்கருவிகளின் பெயர்கள் கிரேக்கச் சொற்கள். தாசில்தார், ஜமாபந்தி, வசூல், ரசீது என்று நம் வருவாய்த்துறைத் தமிழில் பாரசீக, அரபுச் சொற்கள் நிறைந்திருப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

ஆதியாகமத்தில் இரண்டே அரமேயச் சொற்கள் உள்ளன. அவ்விரண்டும் எல்லைக் கல்லைப் பற்றியவை! யாக்கோபு தன் தாய்மாமன் லாபானின் மகளிரை மணந்தவன். மாமனுக்கும் மருமகனுக்கும் பிணக்கு முற்றிப் பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. ஒருவர் எல்லையை மற்றவர் தீங்கெண்ணிக் கடப்பதில்லை என்பதற்கு அடையாளமாகக் கற்களைக் குவித்தனர். ஆராமியனான லாபான் அக்குவியலுக்கு 'யெகர் சகதூதா' என்று தன் மொழியில் பெயரிட்டான். யாக்கோபு 'கலயெத்' என்று எபிரேயத்தில் பெயரிட்டான். இரண்டிற்கும் 'சாட்சிக் குவியல்' என்பதே பொருள். நூலை எழுதியவர் இரண்டு பெயர்களையும் போற்றி வைத்தார். ஜூஜுவாடியில் தமிழ்ப் பலகையையும் சற்றுத் தொலைவில் அத்திப்பள்ளியில் கன்னடப் பலகையையும் நாள்தோறும் கடப்பவர்களுக்கு இக்கதை அயலானதன்று.

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. எனினும் இயேசுவும் அவர்தம் மாணவரும் பேசியது கலிலேயா நாட்டு அரமேயம். ஆகவே சில சொற்கள் அப்படியே நின்றுவிட்டன. 'தலீத்தா கூமி' என்பது 'சிறுமியே, எழுந்திரு' எனப் பொருள்படும். 'எப்பத்தா' என்பது 'திறக்கப்படு' என்பதாகும். 'பர்' என்றால் மகன். ஆகவே பர்த்திமேயு என்பவர் திமேயுவின் மகன். 'தோமா' என்றால் இரட்டைப் பிள்ளை; 'கேபா' என்றால் பாறை; 'தபித்தா' என்றால் மான்; 'மார்த்தா' என்றால் தலைவி. நம் ஊர்களில் தோமை, தபித்தாள், மார்த்தாள் என்று பெயர் பூண்டவர்கள் தம்மை அறியாமலே அரமேயச் சொற்களைச் சுமந்து வருகின்றனர்.

ஒலி மாற்றமும் உறவும்

அரமேயமும் எபிரேயமும் அரபும் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் சொல்லின் உயிர்நாடி பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளாகும். க்–த்–ப் என்னும் வேர் எழுதுதலைக் குறிக்கும். அரபு வழியாக உருதுவுக்கு வந்த 'கிதாப்' (நூல்), 'மக்தப்' (பள்ளி) என்பன இவ்வேரில் பிறந்தவை. அரமேயத்தின் 'ஷலாமா', எபிரேயத்தின் 'ஷாலோம்', அரபின் 'சலாம்' மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லாபான் கூறிய 'சகதூதா' என்பதற்கும் உருதுவில் சாட்சியத்தைக் குறிக்கும் 'ஷஹாதத்' என்பதற்கும் வேர் ஒன்றே.

எபிரேயத்திலிருந்து அரமேயத்தைப் பிரித்தறிவது எவ்வாறு? ஒலி மாற்றத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. பொன் எபிரேயத்தில் 'ஸாஹாவ்', அரமேயத்தில் 'தெஹாவ்'. காளை எபிரேயத்தில் 'ஷோர்', அரமேயத்தில் 'தோர்'. மூன்று எபிரேயத்தில் 'ஷாலோஷ்', அரமேயத்தில் 'தெலாத்'. அரசன் என்பதற்கு எபிரேயத்தில் 'மெலெக்'. இன்ன அரசன் என்று சுட்ட முன்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பர். அரமேயத்தில் சொல்லின் ஈற்றில் 'ஆ' சேர்த்து 'மல்கா' என்பர். பன்மை ஈறு எபிரேயத்தில் 'ஈம்', அரமேயத்தில் 'ஈன்'.

இது கடினமாகத் தோன்றினால் நம் கடைத்தெருவுக்கே வருவோம். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பழங்கன்னடத்தில் பகரமாக இருந்த ஒலி பிற்காலத்தில் ஹகரமாயிற்று. எங்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் பாலு, பல்லு, புலி என்று பகரமே நிலைத்தது. ஓசூர் என்னும் பெயரே இவ்விதிக்கு இலக்கணம் அன்றோ? தமிழில் 'புது' என்பது பழங்கன்னடத்தில் 'பொஸ', பின்னர் 'ஹொஸ'. ஹொஸ ஊர் 'ஹொசூரு' ஆயிற்று; தமிழர் நாவில் 'ஓசூர்' ஆயிற்று. ஓசூர் என்றால் புதூர் என்பதே!

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அரமேயத்தில் தந்தையை 'அப்பா' என்று அழைப்பர். தமிழிலும் 'அப்பா' என்கிறோம். இதைக் கொண்டு இரண்டும் உறவு மொழிகள் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது பொருந்தாது. குழந்தையின் வாயில் எளிதில் எழும் ஒலிகள் உலகெங்கும் தாய் தந்தையரைக் குறித்து நிற்கின்றன. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு அளவீட்டைக் கொண்டு விதியை நிறுவ முடியுமா? மீண்டும் மீண்டும் அதே விளைவு கிடைத்தால்தான் விதி. அவ்வாறே, பால், பல், பத்து, புலி என வரிசையாக ஒரே மாற்றம் தென்பட்டால்தான் மொழியுறவு மெய்ப்படும். ஒரு சொல் ஒத்திருப்பது தற்செயல்.

மதில்மேல் இருந்த மக்கள்

அரமேய வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் தொட்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூற விரும்புகிறேன். கி.மு. 701-இல் அசீரியப் படை எருசலேமை அச்சுறுத்தியது. அசீரியத் தூதன் மதிலருகே நின்று சரணடையுமாறு முழங்கினான். யூத அரசின் அதிகாரிகள் அவனை வேண்டினர்: அரமேயத்தில் பேசு, எங்களுக்குப் புரியும்; மதில்மேல் இருக்கும் மக்கள் கேட்க எங்கள் மொழியில் பேசாதே என்று. தூதன் மறுத்தான். இச்செய்தி மக்களுக்கும் உரியது என்று கூறி, மக்கள் மொழியிலேயே உரத்த குரலில் மிரட்டினான். இரண்டாம் இராஜாக்கள் நூலில் 18-ஆம் அதிகாரத்தில் இது வருகிறது.

அன்று அரமேயம் அதிகாரிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி. மக்களுக்குத் தெரியாமல் பேசுவதற்கு அது ஒரு திரை. அத்திரை இன்றும் விலகிவிடவில்லை என்பதை எங்கள் வீட்டில் கண்டேன். என் அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு தொழிற்கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் அங்கே ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கினர். என்னவென்று கேட்டவர்களுக்கு 'வழக்கமான தாள்தான்' என்ற விடை கிடைத்ததாம். நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அகராதியை வைத்துக்கொண்டு நான் வரிவரியாகத் தெலுங்கில் சொன்னேன். முன்னறிவிப்பு இல்லாமலே வேலையிலிருந்து நிறுத்தலாம் என்றும், அதற்குத் தாம் உடன்படுவதாகவும் அதில் இருந்தது. அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நமக்குத் தெரிந்த பாஷையில் இருந்திருந்தால் கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேனே" என்றார்.

தாமதமாக வந்தால் அரைநாள் கூலி பிடிக்கப்படும் என்னும் அறிவிப்புப் பலகை மட்டும் அதே இடத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய நான்கு மொழிகளிலும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னபோது, மதிலருகே நின்ற அசீரியத் தூதன் என் நினைவுக்கு வந்தான். மிரட்டுவதற்கு மக்கள் மொழி கிடைத்துவிடுகிறது. உரிமையைச் சொல்லும்போதுதான் அது கிடைப்பதில்லை.

திரை விலகிய வரலாறும் அரமேயத்திற்கு உண்டு. பின்னைய நூற்றாண்டுகளில் யூதர்களின் வீடுகளிலும் தெருக்களிலும் அரமேயமே பேசப்பட்டது. மறைநூலின் எபிரேயம் பொதுமக்களுக்குக் கடினமாயிற்று. ஆகவே தொழுகைக் கூடத்தில் ஒருவர் எபிரேயத்தில் வாசிக்க, அருகில் நின்ற மற்றொருவர் அதை அரமேயத்தில் எடுத்துரைத்தார். அவருக்கு 'மெதுர்கெமான்' என்று பெயர். மோசேயின் நூல்களாயின் வசனத்திற்கு ஒருமுறை நிறுத்தி விளக்க வேண்டும். தீர்க்கதரிசிகளின் நூல்களாயின் மூன்று வசனங்கள் வரை சேர்த்து விளக்கலாம் என்று விதிகூட வகுத்திருந்தனர். இவ்வாறு தோன்றிய மொழிபெயர்ப்புகளே 'தர்கூம்' எனப்படும். தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் 'தர்ஜமா' என்னும் சொல்லும் இதனோடு உறவுடையதே. மக்களுக்கு மறைப்பதற்குப் பயன்பட்ட மொழி, மக்களுக்கு விளக்குவதற்குப் பயன்பட்டது. இதைவிட ஒரு மொழிக்கு வேறு பெருமை வேண்டுமா?

இந்தியாவில் அரமேயம்

அரமேயம் நம் நாட்டிற்கும் வந்தது. பேரரசர் அசோகர் தம் அறநெறியை வடமேற்கு எல்லையில் அரமேயத்திலும் பொறித்தார். தட்சசீலத்தில் அரமேயக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. 1958-இல் ஆப்கானிஸ்தானின் கந்தகாரில் கிரேக்கமும் அரமேயமும் அடுத்தடுத்து அமைந்த அசோகர் கல்வெட்டு வெளிப்பட்டது. உயிர்க்கொலை தவிர்த்தலையும் தாய் தந்தையரைப் பேணுதலையும் அது வலியுறுத்துகிறது. சொல்ல வேண்டியதை மக்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும் என்பதை இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அப்பேரரசர் உணர்ந்திருந்தார்.

வடமேற்கில் வழங்கிய கரோஷ்டி எழுத்து அரமேய எழுத்திலிருந்து பிறந்தது; அதைப்போலவே வலமிருந்து இடமாகச் செல்வது. பிராமி எழுத்துக்கும் அதுவே மூலமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கரோஷ்டியின் சுவடு நமக்கு அருகிலேயே உள்ளது. கர்நாடகத்தின் சித்திரதுர்கா மாவட்டத்தில் உள்ள பிரம்மகிரியில் அசோகர் கல்வெட்டை எழுதிய சபடன் என்னும் எழுத்தர், அனைத்தையும் பிராமியில் எழுதிவிட்டு, 'எழுத்தரால்' எனப் பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் கரோஷ்டியில் பொறித்துச் சென்றார். தொலைதூரத்து எழுத்து ஒன்று தொழில் நிமித்தமாகத் தெற்கே வந்ததன் அடையாளம் அது.

கேரளத்தில் அரமேயத்தின் கிளையான சுரியானி நிலைபெற்றது. இன்றைய துருக்கியிலுள்ள எதெசா நகரத்து வழக்கே சுரியானி. கி.பி. 849-ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் பஹ்லவி, அரபு, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். சென்னைப் பரங்கிமலைச் சிலுவையில் உள்ள பஹ்லவி எழுத்தும் அரமேய வழி வந்ததே. மலையாள மொழியைச் சுரியானி எழுத்தில் எழுதும் 'கர்ஷோனி' என்னும் முறையும் கேரளத்தில் தோன்றியது. சீரோ மலபார் திருச்சபையின் வழிபாடு 1962-இல் மலையாளத்திற்கு மாறத் தொடங்கிய பின்னரும் சுரியானிச் சொற்கள் மறையவில்லை. ஆயரை அழைக்கும் 'மார்' என்பது 'என் தலைவர்' எனப் பொருள்படும். மேற்கூறிய மார்த்தா என்பதன் ஆண்பால் வடிவமே இது. கோட்டயத்தில் 1985 முதல் சுரியானி ஆய்வு நிறுவனம் ஒன்று இயங்கி வருகிறது.

2017-இல் இத்திருச்சபை ஓசூரின் பெயராலேயே ஒரு மறைமாவட்டத்தை நிறுவியது. வேலை தேடி இங்கு வந்த கேரள மக்கள் தம் வழிபாட்டைக் 'குர்பானா' என்பர். இதே ஊரில் பக்ரீத் பெருநாளில் முஸ்லிம் நண்பர்கள் கொடுப்பது 'குர்பானி'. இரண்டும் 'நெருங்குதல்' என்னும் பொருளுடைய க்–ர்–ப் என்ற ஒரே வேரில் கிளைத்தவை. சமயம் வேறு, வேர் ஒன்று.

இன்றைய நிலை

கி.பி. ஏழாம் நூற்றாண்டுக்குப் பின் அரபு பரவியதால் அரமேயம் சுருங்கியது. எனினும் சிரியாவின் மாலூலாவிலும் அதன் அண்டை ஊர்களிலும், ஈராக், ஈரான், துருக்கி நாடுகளின் சில பகுதிகளிலும் அதன் வழிவந்த மொழிகள் தாய்மொழியாக நிலைத்தன. 2013-இல் மாலூலா போருக்கு உள்ளாயிற்று. 2014-இல் ஈராக்கின் நினிவே சமவெளியிலிருந்து மக்கள் துரத்தப்பட்டனர். பலர் சுவீடன் முதலிய நாடுகளில் குடியேறினர். பேரரசுகள் மறைந்தபோது அழியாத மொழி, இன்று குழந்தைகள் கற்றால்தான் பிழைக்கும் என்ற நிலையில் உள்ளது.

முடிவுரை

அரமேயம் நமக்கு உணர்த்துவது யாது? ஒரு மொழியின் பெருமை அதைப் பேசுவோரின் படைபலத்தைச் சார்ந்ததன்று. எல்லையின் இருபுறமும் ஒரே கல்லுக்கு இரு பெயர் இருக்கலாம். அதனால் கல் பிளந்துவிடாது. அலுவலகத்தின் மொழி எதுவாயினும், மதில்மேல் இருப்பவருக்கு அது விளங்க வேண்டும்.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் தத்தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வங்கிப் படிவமும் மருந்துச் சீட்டும் ஒப்பந்தத் தாளும் நம் கைக்கே வருகின்றன. நாம் கற்ற ஆங்கிலத்தைப் பெற்றோர்முன் திரையாகத் தொங்கவிடுவதா, அல்லது அருகில் நின்று வரிவரியாக எடுத்துரைப்பதா என்பது நம் விருப்பத்தைப் பொறுத்தது. முதல் பட்டதாரி என்பவர் அவர் வீட்டின் மெதுர்கெமான். தெருவில் உள்ளவர்கள் தாள்களை ஏந்தி வரும்போது சலிப்பின்றிப் படித்துச் சொல்வோம். அத்தாள்கள் மக்கள் மொழியிலேயே வரும் நாளுக்காகவும் குரல் கொடுப்போம். அதுவே நாம் பெற்ற கல்விக்குப் பயனாகும்.